டெப்ரிகேட்டட் என்றால் நீக்கப்பட்டது அல்ல

மென்பொருள் மாற்றக் குறிப்புகளைத் தமிழில் படிக்கும்போது 'நீக்கப்பட்டது' என்ற சொல் வந்தால், இப்போதெல்லாம் ஆங்கில மூலத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் நம்புகிறேன். பல இடங்களில் அங்கே இருப்பது 'ரிமூவ்டு' இல்லை, 'டெப்ரிகேட்டட்'. இரண்டும் ஒன்றுதானே என்று எண்ணி எழுதிவிடுகிறார்கள். ஒன்று இல்லை. சாதாரணச் செயலியில் இந்தக் குழப்பம் வந்தால் நேரம்தான் வீணாகும். டோர் போல, இணையத்தில் உலவும் ஆளை மறைத்துக் காக்க வேண்டிய மென்பொருளில் வந்தால், நம்பியிருப்பவருக்கே ஆபத்தாக முடியலாம்.

முதலில் சொல்லின் பிறப்பு. இலத்தீனில் 'டே' என்றால் அப்பால், 'பிரெகாரி' என்றால் வேண்டுதல். வரப்போகும் தீங்கு அண்டாமல் போக வேண்டிக்கொள்வதுதான் மூலப்பொருள். 'பிரேயர்' என்ற சொல்லும் இதே வேரில் கிளைத்ததுதான். ஆங்கிலத்தில் அது நாளடைவில் 'இது வேண்டாம் என்று கருத்துச் சொல்லுதல்' என்றாகி, நிரலாளர் கைக்கு வந்தபோது ஒரு திட்டமான பொருளைப் பெற்றது: இது இன்னும் வேலை செய்கிறது, ஆனால் இனி யாரும் இதை நம்பிப் புதிதாக எதையும் கட்ட வேண்டாம், பிறகு எடுத்துவிடுவோம். 'டிப்ரிஷியேட்' வேறு சொல். அது விலையைக் குறிக்கும் வேரில் வந்தது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு 'மதிப்பிழந்தது' என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள். தேய்மானக் கணக்குக்கும் நிரலுக்கும் சம்பந்தமில்லை.

சரி, டோருக்கு வருவோம். திறந்த மூல மென்பொருள் என்பதால் அதன் நிரலில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் யாரும் படிக்கலாம். சி மொழியில் எழுதிய மூல டோரில், குறிப்பிடத்தக்க மாற்றம் எதைச் செய்தாலும் அதைப் பற்றிச் சில வரியில் ஒரு சிறு கோப்பு எழுதிச் சேர்க்க வேண்டும். பதிப்பு வெளியாகும் நேரத்தில் அந்தக் கோப்புகளை எல்லாம் தொகுத்துத்தான் மாற்றக் குறிப்பு உருவாகும். அதில் 'டெப்ரிகேட்' ஆன வசதிகள் ஒரு தலைப்பில் வரும், நீக்கிய வசதிகள் வேறு தலைப்பில் வரும். எழுதுகிறவர்களே பிரித்து வைத்திருப்பதை மொழிபெயர்ப்பவர் ஒன்றாகக் கலந்துவிடுகிறார்.

நிரலுக்குள்ளே போனால் இன்னும் தெளிவாகத் தெரியும். டோரின் அமைப்புக் கோப்பில் எழுதக்கூடிய விருப்பத்தேர்வுகளைக் கையாளும் பகுதியில், 'டெப்ரிகேட்' ஆனவற்றுக்கு ஒரு தனிப் பட்டியல் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் எதிரே, ஏன் வேண்டாம் என்ற காரணமும் எழுதியிருக்கும். வழக்கொழிந்தவை வேறு குறியோடு, வேறு இடத்தில் இருக்கும். முதல் வகையை உங்கள் கோப்பில் எழுதினால் டோர் அதன்படி நடக்கும். ஆனால் பதிவேட்டில் ஓர் எச்சரிக்கையை எழுதி வைக்கும். இரண்டாம் வகையை எழுதினால் 'வழக்கொழிந்த விருப்பத்தேர்வைத் தாண்டிச் செல்கிறேன்' என்று சொல்லிவிட்டு அந்த வரியைக் கண்டுகொள்ளாமல் போய்விடும். ஒன்றில் உங்கள் சொல் இன்னும் எடுபடுகிறது, மற்றதில் எடுபடவில்லை.

அந்த முதல் எச்சரிக்கையின் வாசகத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். இந்த விருப்பத்தேர்வு 'டெப்ரிகேட்' ஆகிவிட்டது, டோரின் வருங்காலப் பதிப்பு ஒன்றில் பெரும்பாலும் நீக்கப்படும் என்கிறது. இது தவறு என்று நினைத்தால் எங்களுக்குச் சொல்லுங்கள் என்றும் ஒரு வரி உண்டு. இதில் 'நீக்கப்பட்டது' என்ற சொல்லைப் போட்டுப் பாருங்கள்: 'இந்த விருப்பத்தேர்வு நீக்கப்பட்டது, வருங்காலப் பதிப்பு ஒன்றில் பெரும்பாலும் நீக்கப்படும்.' ஏற்கெனவே நீக்கியதை மறுபடி எப்படி நீக்குவார்கள்? நீக்கி முடித்த பிறகு எதற்கு நம்மிடம் கருத்துக் கேட்கிறார்கள்? இந்த ஒரு வாக்கியத்தை எழுதிப் பார்த்திருந்தாலே அந்தச் சொல் இங்கே பொருந்தாது என்று தெரிந்திருக்கும்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு விருப்பத்தேர்வு: அலவ்டாட்எக்ஸிட். டோர் வலையில் இணைப்பைக் கைமாற்றிவிடும் கணினிகளைக் கணு என்கிறோம். முகவரியின் கடைசியில் ஒரு குறிப்பிட்ட கணுவின் பெயரையும் '.எக்ஸிட்' என்பதையும் சேர்த்தால், அந்தக் கணு வழியாகத்தான் இணைப்பு வெளியே போகும். கேட்க வசதியாக இருக்கிறது. ஆனால் கெட்ட எண்ணம் உள்ள ஓர் இணையப்பக்கம் தன் இணைப்புகளில் இதையே எழுதி வைத்து, நீங்கள் எந்தக் கணு வழியாக வெளியேற வேண்டும் என்பதைத் தானே தீர்மானித்துவிடலாம். அந்தக் கணு அவர்களுடையதாகவே இருந்தால் கதை முடிந்தது. அதனால் 2016இன் 0.2.9 பதிப்பு வரிசையில் இதோடு வேறு பல விருப்பத்தேர்வுகளையும் பாதுகாப்புக் காரணம் சொல்லி 'டெப்ரிகேட்' செய்தார்கள். நிரலிலிருந்து எடுத்தது அதற்குப் பிந்தைய பதிப்புகளில். இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் அது வேலை செய்துகொண்டுதான் இருந்தது, ஆபத்தும் கூடவே இருந்தது. அந்த நேரத்தில் 'நீக்கப்பட்டது' என்று தமிழில் படித்தவர், 'அதுதான் போய்விட்டதே, இனிப் பயமில்லை' என்று தன் கோப்பில் அந்த வரியை அப்படியே விட்டிருப்பார்.

இதைவிடப் பெரிய சான்று, டோர் வழியாக மட்டுமே திறக்கும் தளங்களான ஆனியன் சேவைகளின் இரண்டாம் பதிப்பு. 16 எழுத்து முகவரி கொண்ட பழைய தலைமுறை அது. அதன் பாதுகாப்பு 1024 பிட் ஆர்எஸ்ஏ, எஸ்ஹெச்ஏ-1 என்று வயதான குறியாக்கவியல் முறைகளை நம்பியிருந்தது. அதோடு, சேவை விவரங்களைச் சேமித்து வைக்கும் கணுக்களால் எந்தெந்த முகவரிகள் இருக்கின்றன என்பதைத் திரட்டிவிட முடிந்தது. மூன்றாம் பதிப்பு இவற்றைச் சரிசெய்தது. முகவரி 56 எழுத்தாக நீண்டது. 2020இல் டோர் திட்டத்தினர் பழையதை மூடுவதற்கு மூன்று தேதிகளை அறிவித்தார்கள். 2020 செப்டம்பர் 15, 0.4.4 வரிசை: எச்சரிக்கை தொடங்கும். 2021 ஜூலை 15, 0.4.6 வரிசை: நிரலிலிருந்தே எடுக்கப்படும். 2021 அக்டோபர் 15: ஆதரவில் உள்ள மற்ற நிலையான வரிசைகளிலும் அது செயல்படாமல் நிறுத்தப்படும்.

முதல் தேதிக்கான அறிவிப்பிலேயே 'டெப்ரிகேட்டட்' என்ற சொல்லும் 'ஆப்சலீட்' (வழக்கொழிந்தது) என்ற சொல்லும் ஒரே வாக்கியத்தில் அடுத்தடுத்து வந்தன: இரண்டாம் பதிப்பு இப்போது முதலாவது நிலையில் இருக்கிறது, 0.4.6இல் இரண்டாவது நிலைக்குப் போகும் என்று. இரண்டுக்கும் ஒரே தமிழ்ச்சொல்லைப் போடுகிறவர் இந்த வாக்கியத்தை எப்படி எழுதுவார்?

இடையில் இருந்த பதின்மூன்று மாதங்கள் சும்மா கொடுத்தவை அல்ல. இரண்டாம் பதிப்பிலிருந்து மூன்றாம் பதிப்புக்கு முகவரி தானாக மாறாது. புதிதாக ஒன்றை உருவாக்கி, பழைய முகவரியைக் குறித்து வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் அது போய்ச் சேர வேண்டும். பெயர் சொல்லிக்கொள்ளாத வாசகர்களுக்குத் தகவல் அனுப்ப வேறு வழி ஏது? பழைய முகவரி உயிரோடு இருக்கும்போதே அதிலேயே புதியதை எழுதி வைத்தால்தான் உண்டு. 2020 செப்டம்பரில் 'நீக்கப்பட்டது' என்று படித்த ஒருவருக்கு இரண்டு வழிதான். ஒன்று, எல்லாம் முடிந்தது என்று கைவிட்டுவிடுவார். அல்லது, தன் தளம் நன்றாகத் திறப்பதைப் பார்த்து, 'இவர்கள் ஏதோ தவறாகச் சொல்கிறார்கள்' என்று முடிவுகட்டி, அடுத்த அறிவிப்பையும் நம்பாமல் விடுவார். எனக்கு இரண்டாவதுதான் கூடுதல் கவலை. உண்மையிலேயே நீக்கும் நாளில் அவர் எதையும் படிக்கமாட்டார்.

கணினி வேண்டாம், பணத்தாளை வைத்தே சொல்கிறேன். 2016 நவம்பர் 8 இரவு பழைய 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவித்தார்கள். 2023 மே மாதம் 2000 ரூபாய்த் தாளைத் திரும்பப் பெறுவதாக ரிசர்வ் வங்கி அறிவித்தபோது, அது சட்டப்படி செல்லும் என்று கூடவே சொன்னது. முதலாவது நீக்கம், இரண்டாவது 'டெப்ரிகேட்'. இரண்டையும் 'செல்லாது' என்று புரிந்துகொண்ட இடங்களில் தாளை வாங்க மறுத்துத் தகராறு நடந்தது.

'நீக்கப்பட்டது' எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், அடிப்படையில் அது 'ப்பட்டது' என்ற பழக்கம். ஆங்கிலச் சொல் 'எட்' என்று முடிந்தால் கை தானாகவே 'ப்பட்டது' போடுகிறது. தமிழில் 'ப்பட்டது' என்றால் ஒன்று நடந்து முடிந்துவிட்டது. 'டெப்ரிகேட்டட்' ஒரு நிலை. இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றின் மேல் ஒட்டிய எச்சரிக்கை. மொழிபெயர்க்கிறவர் கையில் கிடைப்பது பெரும்பாலும் தனியாக நறுக்கிய ஒரே ஒரு சொல். அது எந்தத் திரையில், யார் கண்ணுக்கு, எப்போது தெரியும் என்று அவருக்குக் காட்டுவதில்லை. அது உண்மையான குறை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச்சொல் என்று பட்டியல் போட்டு, அந்தப் பட்டியலையே வேதமாக வைத்துக்கொள்வது நாமே வரவழைத்துக்கொண்டது. எத்தனை சொல்லைத் தூய தமிழாக்கினோம் என்று எண்ணுகிறோம், அதில் எத்தனை சொல் உண்மையைச் சொல்கிறது என்று எண்ணுவதில்லை. பொருள் பிறழ்ந்த நல்ல தமிழைவிட 'டெப்ரிகேட்' என்று அப்படியே எழுதுவது எவ்வளவோ மேல். அதைப் படிப்பவர் 'இது என்ன?' என்றாவது கேட்பார்.

மற்ற போட்டிச் சொற்களையும் பார்த்துவிடலாம். 'காலாவதியானது' என்பதைக் கொடுக்கவே கூடாது. அந்தச் சொல் வேறு இடத்துக்குத் தேவை. டோர் வலையின் கணுப் பட்டியலை, அடைவு அதிகார வழங்கிகள் எனப்படும் நம்பிக்கைக்குரிய சில வழங்கிகள் மணிக்கொரு முறை வாக்கெடுத்துப் புதுப்பிக்கின்றன. ஒவ்வொரு பட்டியலும் மூன்று மணி நேரத்துக்குச் செல்லும், அதற்குப் பிறகு காலாவதி. அங்கே அதுதான் சரியான சொல். 'வழக்கொழிந்தது' அழகான சொல், ஆனால் அது 'ஆப்சலீட்' என்பதற்கே உரியது. 'கைவிடப்பட்டது' என்றால் கவனிக்க ஆளே இல்லை என்று பொருள்படும்; இங்கே கவனித்துத்தானே எச்சரிக்கிறார்கள். 'ஒதுக்கப்பட்டது' என்று எழுதினால் நினைவக ஒதுக்கீட்டோடு மோதும். 'விலக்கு' இன்னும் சிக்கல்: மதுவிலக்கு என்றால் கூடாது என்பது, வரிவிலக்கு என்றால் கட்ட வேண்டியதில்லை என்பது, விதிவிலக்கு என்றால் விதிக்குள் அடங்காதது. மூன்று பக்கம் இழுக்கிற சொல்லை எச்சரிக்கையில் வைக்க முடியாது.

நான் பயன்படுத்துவது 'தவிர்ப்புநிலை'. இலத்தீன் வேரிலேயே தீங்கைத் தவிர்க்கும் வேண்டுதல்தான் இருக்கிறது என்பது கூடுதல் பொருத்தம். அதற்காக மட்டும் இதை எடுக்கவில்லை. 'நெகிழிப் பைகளைத் தவிர்ப்பீர்' என்ற பலகையைப் பார்த்து நெகிழிப் பையே இல்லாமல் போய்விட்டது என்று எந்தத் தமிழரும் நினைப்பதில்லை. பொருள் இருக்கிறது, எடுக்காதே என்கிறார்கள். அதுதான் வேண்டும்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. முதலாம் குலோத்துங்கனுக்குச் சுங்கம் தவிர்த்த சோழன் என்று பெயர். அவன் சுங்கத்தை வேண்டாம் என்று அறிவுரை சொல்லவில்லை, எடுத்தே விட்டான். பழந்தமிழில் 'தவிர்' என்பதற்கு ஒழித்தல் என்ற பொருள் வலுவாகவே இருந்தது. ஆனால் இன்றைக்கு 'இனிப்பைத் தவிருங்கள்' என்று மருத்துவர் சொன்னால் யாருக்கும் அந்தப் பொருள் தோன்றாது. எச்சரிக்கை வாசகத்தை இன்று படிக்கிறவருக்காகத்தான் எழுதுகிறோம். 'நிலை' என்று பின்னால் சேர்ப்பதும் அதனால்தான்; இது முடிந்த செயல் இல்லை, ஒரு கட்டம் என்று அது சொல்லிவிடுகிறது.

எழுதும்போது இப்படி வரும்: 'இந்த விருப்பத்தேர்வு தவிர்ப்புநிலையில் உள்ளது, வருங்காலப் பதிப்பு ஒன்றில் பெரும்பாலும் நீக்கப்படும்.' 'ஆனியன் சேவையின் இரண்டாம் பதிப்பு தவிர்ப்புநிலைக்கு வந்துவிட்டது; 0.4.6இல் வழக்கொழியும்.' இடம் குறைவான திரையில் 'தவிர்க்க' என்று ஒற்றைச் சொல் போதும். ரஸ்ட் மொழியில் ஒரு செயற்கூற்றின் தலையில் 'டெப்ரிகேட்டட்' என்று குறித்தால் தொகுப்பி (கம்பைலர்) எச்சரிக்கும், ஆனால் நிரல் தொகுக்கப்படும். அந்தக் குறியின் விளக்கத்துக்கும் இது அப்படியே பொருந்தும். ஜாவாவில் 2017இன் ஒன்பதாம் பதிப்பில், இது கட்டாயம் எடுக்கப்படும் என்பதைத் தெரிவிக்கத் தனியாக ஒரு குறியையே சேர்த்தார்கள். 'தவிர்ப்புநிலை, நீக்கம் உறுதி' என்று அதையும் எழுதிவிடலாம்.

கடைசியாக, ரஸ்டில் எழுதும் ஆர்ட்டி பற்றி. டோரை முழுவதும் புதிதாக எழுதும் முயற்சி அது. 2022 செப்டம்பரில் 1.0.0 வந்தது. அதைச் சாக்காக வைத்து 'சி மொழி டோர் நீக்கப்பட்டது' என்று எழுதுவதைப் பார்க்கிறேன். வலையின் கணுக்கள் சி மொழி டோரில்தான் ஓடிவந்திருக்கின்றன. அதற்குத் 'தவிர்ப்புநிலை' என்றுகூட எழுத வேண்டாம். கணு நடத்துகிறவரிடம் இதைத் தவிர்க்கச் சொன்னால், அவர் கணுவையே நிறுத்திவிடுவார். 'புது வசதிகள் ஆர்ட்டியில், சி டோரில் பராமரிப்பு' என்று இரண்டு துண்டாகச் சொன்னாலே போதும்.