தளர்வு நேரமா? டெஸ்லாவையும் சேர்த்து எழுதுங்கள்

போன மாதம் ஆய்வு மாணவர் ஒருவர் மடிக்கணினியோடு வந்து நின்றார். "சார், பழைய கட்டுரையில இருக்கிற அதே படிகம், அதே 4 கெல்வின். ஆனா ஸ்பின் தளர்வு நேரம் பல நூறு மடங்கு குறைவா வருது. படிகம் கெட்டுப்போச்சா?" ஸ்பின் என்பது எலெக்ட்ரானின் குட்டிக் காந்தம். கிளறிவிட்ட ஸ்பின் பழைய நிலைக்குத் திரும்ப எடுக்கும் நேரமே தளர்வு நேரம்.

"காந்தப்புலம் எத்தனை டெஸ்லா?" என்றேன். கட்டுரைக்காரர்கள் அளந்தது 9.5 கிகாஹெர்ட்ஸ் கருவியில், இவருடையது 95. அதே ஸ்பின்னுக்கு அதிர்வெண் பத்து மடங்கானால் காந்தப்புலமும் பத்து மடங்கு.

இஎஸ்ஆர் (எலெக்ட்ரான் ஸ்பின் ஒத்ததிர்வு) ஆய்வகத்தில் இதை அடிக்கடி பார்க்கிறேன். வெப்பநிலையைத் தசமம் வரை குறிப்பார்கள், புலத்தை மறந்துவிடுவார்கள்.

தளர்வதற்கு ஸ்பின் தன் ஆற்றலைப் படிகத்தின் அதிர்வுகளிடம், அதாவது ஃபோனான்களிடம், ஒப்படைக்க வேண்டும். சற்று வெதுவெதுப்பில் இரண்டு ஃபோனான்கள் சேர்ந்து செய்யும் ராமன் வழி ஓங்கியிருக்கும். ஒற்றைப்படை எலெக்ட்ரான் அயனியில் அது வெப்பநிலையின் ஒன்பதாம் படியாக ஏறும். புலத்தைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது. குளிரக் குளிர அது அடங்கி, ஒற்றை ஃபோனான் நேர்வழி மேலே வரும். அங்கே ஆட்சி புலத்தினுடையது. ஒற்றைப்படை எண்ணிக்கையில் எலெக்ட்ரான் கொண்ட அயனியில், புலமே இல்லாவிட்டால் அதிர்வால் இரு ஸ்பின் நிலைகளையும் இணைக்க முடியாது. புலம்தான் மேல்நிலைகளைக் கொஞ்சம் கலந்து அந்தத் தடையைத் தளர்த்துகிறது. அதில் புலத்தின் இருபடி. ஆற்றல் இடைவெளி விரிய விரிய அதற்கேற்ற ஃபோனான்களும் பெருகும். அதில் இன்னோர் இருபடி. ஆக நான்காம் படி: பத்து மடங்கு புலத்துக்குப் பத்தாயிரம் மடங்கு வேகம். இயற்பியலாளர் வான் விளெக் 1940-இலேயே இதைக் கணக்கிட்டுவிட்டார். நம் மாணவருக்கு அவ்வளவு வராததற்குக் காரணம், 9.5-இல் ராமன் வழியும் பங்கு கேட்டதுதான்.

அதற்காகப் புலத்தைக் குறைத்துக்கொண்டே போனால் நேரம் நீண்டுகொண்டே போகும் என்றும் எண்ண வேண்டாம். மிகக் குறைந்த புலத்தில் பக்கத்து ஸ்பின்கள் ஒன்றோடொன்று ஆற்றலை மாற்றிக்கொண்டு கணக்கைக் கெடுக்கும். உயர்புலத்தில் இந்தப் பண்டமாற்று அடங்கிவிடும்: 95 கிகாஹெர்ட்ஸ், 1.5 கெல்வினில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து ஸ்பின்கள் கீழ்நிலையிலேயே கிடக்கும், மாற்றிக்கொள்ள ஜோடி கிடைக்காது. தளர்வு நேரம் குறைந்தாலும் கட்ட நினைவு, அதாவது ஸ்பின்கள் தாளம் தப்பாமல் சுழலும் நேரம், நீளக்கூடும். குவாண்டம் நினைவகத்துக்குப் படிகம் தேடுவோர் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இன்னொன்று: படிகத்தை உடைத்துச் சிறு துண்டில் மறுபடி அளந்து பாருங்கள். எண் மாறினால், நீங்கள் அளந்தது ஸ்பினை அல்ல, குளிர்விக்கும் ஹீலியத்துக்குத் தப்பிக்க வழியில்லாமல் உள்ளேயே நெரிந்துகிடந்த ஃபோனான்களை.

மாணவர் இன்னும் உடைக்கவில்லை. வளர்க்கவே நாலு மாசம் ஆச்சாம்.