ஏரி வற்றுகிறதா, கரை கசிகிறதா?

340 ரூபாய்க்குப் போன ஒரு பங்கு 221-க்கு வந்ததும், தி.நகரில் ஆடித் தள்ளுபடிப் பலகையைப் பார்த்தவர் மாதிரி, "35 சதவீதம் குறைவு சார், அள்ளிப் போடுங்க" என்று ஆபீஸ் நண்பர் ஒருவர் கிளம்பிவிட்டார். புடவைக்குச் சரி, ஆனியில் தொங்கிய அதே புடவைதான் ஆடியிலும் தொங்குகிறது. பங்கு அப்படியில்லை, உள்ளே ஏதோ மாறியதால்கூட விலை இறங்கியிருக்கலாம். அப்புறம், 221 மறுபடி 340 ஆக 35 அல்ல, 54 சதவீதம் ஏற வேண்டும்.

ஒரு பங்கு எவ்வளவு சரிந்திருக்கிறது என்ற கணக்கு எளிது. 52 வார உச்ச விலையில், அதாவது கடந்த ஓராண்டில் தொட்ட அதிகபட்ச விலையில், இன்றைய விலையைக் கழித்து, உச்சத்தாலேயே வகுக்க வேண்டும். உச்சம் 500, இன்று 420 என்றால் சரிவு 16 சதவீதம். இந்த 16 தனியாக ஒன்றும் சொல்லாது. செம்பரம்பாக்கம் ஏரிக்கு முழு மட்டம் 24 அடி. மே மாதம் அது இறங்கினால் யாரும் கரையைப் போய்ப் பார்ப்பதில்லை, புழலும் பூண்டியும் கூடவேதான் இறங்கியிருக்கும், வெயில் அப்படி. மற்றவை நிறைந்திருக்க ஒன்று மட்டும் இறங்கினால்தான் கரையைச் சந்தேகப்பட வேண்டும். ஆகவே 50 பெரிய கம்பெனிப் பங்குகளை வைத்துச் சந்தையின் போக்கைக் காட்டும் குறியீடான நிஃப்டிக்கும் இதே கணக்கைப் போட்டுப் பக்கத்தில் வையுங்கள். 2020 ஜனவரியில் 12,300-ஐத் தாண்டிய நிஃப்டி, மார்ச் 23 அன்று 7,610-இல் முடிந்தது, 38 சதவீதச் சரிவு. அன்றைக்கு 30 சதவீதம் இறங்கியிருந்த பங்கு உண்மையில் கெட்டியான பங்கு.

மறுபக்கம், தனியாக இறங்கிய யெஸ் வங்கிப் பங்கு. 2018 ஆகஸ்டில் 400 ரூபாயை ஒட்டி இருந்தது, செப்டம்பர் முடிவதற்குள் அதில் பாதிகூட இல்லை; நிஃப்டியோ அந்தச் சமயத்தில் 10 சதவீதம்கூட இறங்கவில்லை. அந்த வங்கியில் பணம் எடுக்க ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு போட்டது 2020 மார்ச்சில்தான், கரை கசிவதை விலை அதற்கு முன்பே காட்டிவிட்டது!

இறங்கியது ஏன் மேலும் இறங்குகிறது? அமெரிக்கப் பங்குகளை அலசி ஜார்ஜ், ஹுவாங் இருவரும் 2004-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள்: 52 வார உச்சத்தை ஒட்டி நிற்கும் பங்குகள், தள்ளி நிற்பவற்றைவிடப் பின்னாலும் நன்றாக ஓடின. பழைய உச்சத்தை மனதில் முளையடித்துக் கட்டிவிடுகிறோம், அதனால் கெட்ட செய்தி வந்தாலும் "இன்னுமா இறங்கும்" என்று தோன்றி, விலை தவணை தவணையாகத்தான் இறங்குகிறது என்பது அவர்கள் விளக்கம். இன்னொன்றும் உண்டு என்பேன்: கொஞ்சம் ஏறினாலே, மேலே வாங்கி மாட்டியவர்கள் "போட்ட காசு வந்தால் போதும்" என்று விற்க வரிசையில் நிற்பார்கள்.

எத்தனை சதவீதத்தில் உஷாராவது? சோப்பு, பிஸ்கெட் விற்கும் பெரிய கம்பெனிக்கு 15 பெரிய விஷயம். சின்ன கம்பெனிப் பங்கு 15-ஐச் சர்வசாதாரணமாக ஆடிவிட்டு வரும்.

போனஸ் பங்கைக் கவனியுங்கள். ஒரு நாள் காலையில் என் கூகுள் ஷீட்டில் ஒரு பங்கு 50 சதவீதம் சரிந்ததாகச் சிவப்பில் நின்றது, காபி டம்ளரைக்கூடக் கீழே வைக்காமல் விற்கப் போனேன். ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்திருந்தார்கள், அதாவது கையிலிருக்கும் ஒவ்வொரு பங்குக்கும் இன்னொன்று இலவசம், அதனால் விலை பாதியாகும்; நான் கையால் அடித்துவைத்த பழைய உச்சத்தை மாற்றவேயில்லை.