பாட்டியின் விமான டிக்கெட்டில் அத்தை போக முடியாது

"பாட்டிக்கு உடம்பு சரியில்லை, அவங்க டிக்கெட்டுல அத்தை போகட்டும், பேரை மட்டும் மாத்திக் கொடுங்க." திருச்சியில் டிராவல்ஸ் நடத்துகிற எனக்கு இப்படி ஒரு போன் அடிக்கடி வரும். போன வாரம் வந்த குடும்பம் அதைக்கூடக் கேட்கவில்லை. சிங்கப்பூருக்கு ஐந்து பேர், ஒரே பி.என்.ஆர். (முன்பதிவு எண்). கிளம்புவதற்குச் சில நாள் முன்பு பாட்டி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. மற்ற நால்வரும் ஏர்போர்ட்டுக்குப் போய், கவுண்டரில் "ஒருத்தர் வரலை" என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டார்கள். ஊர் திரும்பியதும் பாட்டியின் பணத்தைக் கேட்டு வந்தார்கள். வரியைத் தவிர அந்த டிக்கெட்டில் எதுவும் மிஞ்சவில்லை. அவர் விழுந்த அன்றே சொல்லியிருந்தால், ரத்துக் கட்டணம் போக ஒரு பகுதியாவது கைக்கு வந்திருக்கும். ஆஸ்பத்திரிச் செலவு இருக்கிற நேரத்தில் அது சின்னத் தொகையா?

"காசு கொடுத்து வாங்கின சீட்டு, அதில் யார் உட்கார்ந்தால் என்ன?" என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். இது ரயிலில் இருந்து வந்த பழக்கம். ரயிலில் உறுதியான டிக்கெட்டைப் பெற்றோர், உடன்பிறந்தவர், பிள்ளைகள், கணவன் அல்லது மனைவி பெயருக்கு மாற்றலாம். வண்டி புறப்பட 24 மணி நேரத்துக்கு முன் முன்பதிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தால் போதும். விமானத்தில் அந்த ஏற்பாடு இல்லை. தாய்க்குப் பதில் மகள், அண்ணனுக்குப் பதில் தம்பி, எதுவும் நடக்காது. ஐரோப்பாவில் ரயன்ஏர், ஈஸிஜெட் மாதிரி சில நிறுவனங்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு பெயரை மாற்றித் தருகின்றன. அதை யூடியூபில் பார்த்துவிட்டு வந்து இங்கே என்னிடம் வாதாடுகிறார்கள். நம் ஊரில் இருந்து பறக்கிற நிறுவனங்களின் சாதாரண டிக்கெட்டுக்கு அது பொருந்தாது.

பெயர்த் திருத்தம் என்பது வேறு. எழுத்துப்பிழை, இனிஷியல் இடம் மாறியது, முன்பெயரும் பின்பெயரும் தலைகீழானது போன்றவற்றைச் சரிசெய்யலாம். விமான நிறுவனத்தின் இணையதளத்தில் நேரடியாக எடுத்த டிக்கெட் என்றால், எடுத்த 24 மணி நேரத்துக்குள் சுட்டிக்காட்டினால் அந்தத் திருத்தத்துக்குக் கட்டணம் வாங்கக்கூடாது என்பது விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதி. ஆள் அதே ஆளாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொருவர் ஆதாரைக் காட்டி உள்ளே போய்விடலாம் என்று தயவுசெய்து யோசிக்காதீர்கள். வாசலிலேயே சி.ஐ.எஸ்.எஃப். வீரர் முகத்தையும் அட்டையையும் டிக்கெட்டையும் ஒப்பிடுகிறார். ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 319ஆம் பிரிவின்படி குற்றம். டிக்கெட் பணத்தைக் காப்பாற்றப் போய் வழக்கில் மாட்டிக்கொள்ளாதீர்கள். வராதவரின் 15 கிலோ லக்கேஜையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்கிறவர்களுக்கும் இதே பதில்தான். அவர் செக்-இன் செய்யாவிட்டால் அந்தக் கிலோவும் கிடையாது.

சரி, என்னதான் செய்வது? ஒருவர் வரவில்லை என்று தெரிந்த அன்றே, டிக்கெட் எடுத்த இடத்துக்குச் சொல்லுங்கள். ஒரே பி.என்.ஆரில் பல பேர் இருந்தால் முதலில் அவரைத் தனி பி.என்.ஆராகப் பிரிக்கச் சொல்லி, பிறகு அதை மட்டும் ரத்து செய்ய வேண்டும். அவசரத்தில் செல்போனில் 'கேன்சல்' அழுத்திக் குடும்பம் முழுவதன் டிக்கெட்டையும் இழந்தவர்கள் உண்டு. வெப் செக்-இன் முடித்திருந்தால் அதை முதலில் நீக்கச் சொல்லுங்கள்.

அடுத்த மாதமாவது அவர் போகப்போகிறார் என்றால் ரத்து செய்யும் முன் தேதி மாற்றத்துக்கு எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். மாற்றக் கட்டணத்தோடு அன்றைய விலை வித்தியாசமும் சேரும். இரண்டையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். போகவர ஒரே டிக்கெட்டாக எடுத்த வெளிநாட்டுப் பயணத்தில் போகிற விமானத்தைச் சொல்லாமல் தவறவிட்டால், பெரும்பாலும் திரும்பி வருகிற பகுதியும் தானாக ரத்தாகிவிடும். நான்கு நாள் கழித்து வந்து சேர்ந்துகொள்ள நினைப்பவர்கள் இதில்தான் அதிகம் அடிபடுகிறார்கள்.

'நான் ரீஃபண்டபிள்', அதாவது பணம் திரும்பக் கிடைக்காது, என்று போட்டிருந்தாலும் சட்டப்படியான வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தரவேண்டும். பயணி வராமலே போன டிக்கெட்டுக்கும் இந்திய விமான நிறுவனங்களுக்கு இந்த விதி உண்டு. ரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணத்தையும் எரிபொருள் கட்டணத்தையும் தாண்டக்கூடாது. அந்தப் பணத்துக்குப் பதிலாக 'கிரெடிட் ஷெல்', அதாவது அதே நிறுவனத்தில் அடுத்த டிக்கெட்டுக்குக் கழித்துக்கொள்கிற வரவு, எடுத்துக்கொள்வது பயணியின் விருப்பம், கட்டாயம் இல்லை. தர மறுத்தால் விமானப் பயணிகளுக்கான அரசுப் புகார்த் தளமான ஏர்சேவாவில் புகார் போடுங்கள். எங்களைப் போன்ற ஏஜென்ட் வாங்கிய சேவைக் கட்டணம் மட்டும் திரும்ப வராது. அதை நாங்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், சொல்லாத ஏஜென்டிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

குழந்தைகள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். இரண்டு வயதுக்கு உட்பட்ட கைக்குழந்தையின் டிக்கெட் ஒரு பெரியவரின் டிக்கெட்டோடு கட்டப்பட்டது. அம்மா வரவில்லை, அப்பா தூக்கிக்கொண்டு போகிறார் என்றால் குழந்தையை அவர் டிக்கெட்டுக்கு மாற்றச் சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். வராதவர் துணையாகப் போக இருந்தவர், முதியவர் மட்டும் போகிறார் என்றால் 48 மணி நேரத்துக்கு முன்பே சக்கர நாற்காலி உதவிக்குச் சொல்லிவையுங்கள்.

கூகுளில் 'கஸ்டமர் கேர்' என்று தேடிக் கிடைக்கிற நம்பருக்குக் கூப்பிடாதீர்கள். ரீஃபண்ட் அனுப்புகிறேன் என்று ஏதோ ஆப்பைப் போடச் சொல்லி, ஓடிபி வாங்கி, வங்கிக் கணக்கையே துடைத்துவிடுகிறார்கள். நம்பரை டிக்கெட்டிலோ விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்திலோ பாருங்கள். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குக் கூப்பிடுங்கள்.

வீட்டில் வயதானவர், கர்ப்பிணி, லீவு கிடைக்குமா என்று தெரியாதவர் இருந்தால் டிக்கெட் எடுக்கும்போதே சொல்லுங்கள். அவரைத் தனி பி.என்.ஆரில் போட்டு, ரத்துக் கட்டணம் குறைவான வகையில் எடுத்துத் தருகிறோம். சில நூறு ரூபாய் கூடும் என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். அப்புறம், காலை விமானத்துக்கு ஒருவர் வரவில்லை என்று முந்தின நாள் இரவு பதினொரு மணிக்குத் தெரிந்தாலும் கூப்பிடுங்கள். தூக்கத்தைக் கெடுக்கிறோமே என்று தயங்க வேண்டாம், விமானம் கிளம்பிய பிறகு வருகிற போனுக்குத்தான் என்னால் ஒன்றும் செய்ய முடியாது.