ரேஞ்சர் என்றால் வனச்சரகரா?

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் தொடக்க காலத்தைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றைத் தமிழ்க் குரலில் பார்த்தேன். பனிச்சறுக்குக் கட்டைகளைக் காலில் கட்டிக்கொண்டு ஒருவர் தன்னந்தனியாக மலையேறுகிறார். "வனச்சரகர் புறப்படுகிறார்" என்கிறது பின்னணிக் குரல். ஆங்கிலத்தின் 'ரேஞ்சர்' இப்படி வனச்சரகர் ஆகிவிடுகிற தவறை இன்னும் எத்தனை முறைதான் கேட்பது?

'ரேஞ்ச்' பழைய பிரெஞ்சில் வரிசையைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் அது சுற்றித் திரிவது, திரியும் பரப்பு, மலைத்தொடர் என்று கிளைவிட்டது. இங்கிலாந்தில் அரசரின் காடுகளைச் சுற்றிவந்து காத்தவர் ரேஞ்சர். அவ்வளவுதான்.

நம் வனச்சரகர் வேறு ஆள். சரகம் என்பது வனத்துறையின் நிர்வாக எல்லை. அதன் பொறுப்பு அலுவலர் அவர். அவருக்குக் கீழே வனவர், வனக்காப்பாளர், வனக்காவலர் என்று ஒரு வரிசையே உண்டு. மலையோர ஊர்களில் "ரேஞ்சர் வந்திருக்கார்" என்றால் ஜீப்பில் அதிகாரி வந்திருக்கிறார் என்றுதான் பொருள்.

யெல்லோஸ்டோனில் அப்போது என்ன இருந்தது? 1872-ல் பூங்கா அறிவிக்கப்பட்டது. 1880-ல் ஹாரி யவுண்ட் என்பவரை விலங்குகளைக் காக்க அமர்த்தினார்கள். லமார் ஆறும் சோடா பட் ஓடையும் கூடுமிடத்தில் ஒரு மரக்குடில். குளிர்காலத்தை அங்கேயே கழித்தார். ஏறத்தாழ 9,000 சதுர கிலோமீட்டருக்கு ஒற்றை ஆள்! ஒருவரால் ஆகாது, சிறு காவல் படை வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு 1881-ல் விலகினார். 1886-ல் பூங்காவைக் காக்க ராணுவம் வந்தது. 1894 மார்ச்சில், காட்டெருமையைச் சுட்டு உரித்துக்கொண்டிருந்த ஹாவெல் என்பவரை, திறந்த பனிவெளியில் சறுக்கிப் போய்ப் பிடித்தார் ராணுவத்துக்கு வழிகாட்டியும் வேவு பார்த்தும் வந்த பர்ஜஸ். ஹாவெலின் நாய்கூட அவர் வந்ததைக் கவனிக்கவில்லை. 1916-ல் பூங்காப் பணித்துறை அமைந்தபின் ரேஞ்சர்கள் ஏற்றுக்கொண்டது இந்த வேலையைத்தான். இவர்களை வனச்சரகர் என்றால், கால்நடையாய்ப் பனியில் அலைந்த உழைப்பு முழுவதும் மேசைக்குப் பின்னால் போய்விடுகிறது.

சிலர் 'பூங்காக் காவலர்' என்கிறார்கள். அது இன்னும் மோசம். ஊஞ்சலும் சிமெண்ட் பெஞ்சும் உள்ள நகராட்சிப் பூங்காவில், மாலையில் விசில் ஊதிக் கதவைப் பூட்டுகிறவர்தான் கண்முன் வருகிறார். 'பூங்கா' என்ற சொல்லே இத்தனை பெரிய மலைக்காட்டுக்குச் சின்னச் சட்டைதான். 'தேசியப் பூங்கா' என்று நிலைத்துவிட்டதால் விட்டுவிடுகிறேன். 'ரோந்துக் காவலர்' என்றால் போலீஸ் வண்டி நினைவுக்கு வரும். அகராதியைத் திறந்து முதலில் கண்ணில் பட்ட சொல்லை எடுத்து ஒட்டுகிற மொழிபெயர்ப்பாளர்கள், அந்த ஆள் நாள் முழுக்க என்ன செய்தார் என்று ஒரு நிமிடம் யோசித்தால் போதும்.

என் பரிந்துரை 'சுற்றுக்காவலர்'. நம் வனத்துறையிலேயே 'காவல் சுற்று' என்ற வழக்கு இருக்கிறது, அதனால் காதுக்குப் புதிதாகவும் இராது. சுற்றுவதும் காப்பதும் இரண்டும் சொல்லுக்குள் வந்துவிடுகின்றன. பிடிக்காதவர்கள் ரேஞ்சர் என்றே எழுதட்டும், சரி. யவுண்டை மட்டும் வனச்சரகர் ஆக்க வேண்டாம்.