ஃபார்வர்டு அழுத்துமுன் அடிவரை உருட்டிப் பாருங்கள்

மின்னஞ்சலை ஃபார்வர்டு செய்யும்போது நம் கண்ணில் படுவது மேலே உள்ள நாலு வரிதான். அதற்கு அடியில், அந்த மின்னஞ்சல் முன்பு யார் யாருக்குப் போனதோ அவர்கள் பெயர், முகவரி, கையெழுத்துப் பகுதியிலுள்ள கைபேசி எண் எல்லாம் அப்படியே கிடக்கும். பத்துக் கை மாறி வந்த குடமுழுக்கு அழைப்பில் நூறு முகவரிகள்கூடச் சேர்ந்திருக்கும். மோசடிக்காரருக்கு இதைவிட நல்ல பட்டியல் கிடைக்காது; யாருக்கு யார் பழக்கம் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

அதனால் செய்தியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழியுங்கள். 'டூ' கட்டத்தில் உங்கள் முகவரி, மற்றவர்கள் எல்லாரும் 'பிசிசி'யில் (பெறுபவர் முகவரி மற்றவருக்குத் தெரியாத கட்டம்). ஒரு எச்சரிக்கை: பிசிசியில் இருப்பவர் 'ரிப்ளை ஆல்' (எல்லாருக்கும் பதில்) கொடுத்தால், 'டூ', 'சிசி'யில் உள்ள அத்தனை பேருக்கும் அவர் இருப்பது தெரிந்துவிடும். மறைவாக இருக்க வேண்டியவருக்கு, அனுப்பிய பிரதியைத் தனியாக ஃபார்வர்டு செய்வதே பாதுகாப்பு. ரிப்ளையில் இணைப்புக் கோப்பு போகாது, ஃபார்வர்டில் போகும். சம்பளப் பட்டியல் இப்படியும் வெளியே கசியலாம். செய்திமடலை அனுப்பினால் கடைசியில் உள்ள 'அன்சப்ஸ்கிரைப்' இணைப்பையும் எடுத்துவிடுங்கள். அது உங்கள் பெயரில் உள்ளது. வேறொருவர் தட்டினாலும் உங்கள் சந்தாதான் நிற்கும்.

வேண்டாத ஃபார்வர்டுகள் உறவினரிடமிருந்து வந்தால் 'பிளாக்' செய்யாதீர்கள். ஜிமெயிலில் பிளாக் செய்தவரின் அஞ்சல்கள் ஸ்பாமுக்குப் போய், 30 நாளில் தானாக அழியும். நாளை அவர் அனுப்பும் கல்யாணப் பத்திரிகையும் அதோடு போய்விடும். கணினியில் அந்த அஞ்சலைத் திறந்து, மூன்று புள்ளியில் 'ஃபில்டர் மெசேஜஸ் லைக் தீஸ்' தேர்ந்தெடுங்கள். அனுப்புநர் முகவரி தானாக வந்திருக்கும். தலைப்பில் 'எஃப்டபிள்யூடி' (Fwd) எழுத்துகளைச் சேர்த்து, 'ஸ்கிப் த இன்பாக்ஸ்' குறியிடுங்கள். அவர் கைப்பட எழுதுவது மட்டும் இன்பாக்ஸுக்கு வரும்.

சொல்லியும் பார்க்கலாம், ஆனால் அவருக்கு மட்டும்: "மாமா, அலுவலக அஞ்சலோடு கலந்து உங்கள் கடிதம் கண்ணில் படாமல் போகிறது. ஃபார்வர்டுகளில் மட்டும் என்னை விட்டுவிடுங்கள்." எல்லாருக்கும் தெரியும்படி ரிப்ளை ஆலில் சொன்னால் மனஸ்தாபம்தான் மிஞ்சும்.

'பத்துப் பேருக்கு அனுப்பு' வகையை, அஞ்சலட்டைக் காலத்திலிருந்தே நமக்குத் தெரியும். 1995இல் வெளியான ஆர்எஃப்சி 1855 என்ற இணைய நடத்தை வழிகாட்டியே சங்கிலிக் கடிதம் கூடாது என்கிறது. அதைத் தயங்காமல் அழிக்கலாம்.

'ரத்தம் தேவை' வந்தால் மட்டும் நின்று பாருங்கள். தேதி, மருத்துவமனை பெயர் இல்லையென்றால் முதலில் அந்த எண்ணுக்கே பேசுங்கள். தேவை இன்னும் இருந்தால் இன்றைய தேதியை மேலே எழுதி அனுப்புங்கள். தேதி இல்லாமல் சுற்றும் செய்தியால், நோயாளி வீடு திரும்பிப் பல மாதம் கழித்தும் அந்தக் குடும்பத்துக்கு அழைப்பு வந்துகொண்டே இருக்கும்.