தைமஸ்: டி செல்லுக்குப் பெயர் தந்த உறுப்பு

தைமஸ் என்று எழுதினால் பாதிப் பேர் தைராய்டு என்று படித்துவிடுகிறார்கள். இரண்டும் வேறு. தைராய்டு கழுத்தில் இருப்பது. கேடயத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். தைமஸ் மார்பெலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே இரண்டு மடல்களாகக் கிடக்கும் மெத்தென்ற உறுப்பு. சின்ன வயதில் பெரிதாக இருக்கும். பருவ வயதுக்குப் பிறகு சுருங்கிச் சுருங்கி, அந்த இடத்தைக் கொழுப்பு பிடித்துக்கொள்ளும். 2ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்க மருத்துவர் கேலன் இதைக் கவனித்திருக்கிறார்.

பெயர் எப்படி வந்தது என்பதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. உயிர்ப்பு, மனவேகம், சினம் எல்லாவற்றுக்கும் கிரேக்கத்தில் தூமோஸ் என்ற சொல் இருந்தது. இதயத்தை ஒட்டி இருப்பதால் உறுப்புக்கும் அதையே வைத்தார்கள் என்பது ஒன்று. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் எனக்கு மற்றதுதான் நம்பும்படி இருக்கிறது. தைம் என்ற மணமூலிகையின் மொட்டுக்கொத்துப்போல முண்டும் முடிச்சுமாக இருந்த சதை வளர்ச்சிகளைக் கிரேக்கர்கள் அந்த மூலிகையின் பெயராலேயே அழைத்தார்கள். மடல்மடலான இந்த உறுப்புக்கும் அது ஒட்டிக்கொண்டது. நம் ஓமத்துக்கு மணம் தரும் தைமால் என்ற வேதிப்பொருளுக்கும் அந்த மூலிகையிலிருந்து வந்த பெயர்தான்.

சரி, பெயர் கிடைத்துவிட்டது. வேலை என்ன? அதற்கு 1961 வரை யாரிடமும் உருப்படியான பதில் இல்லை. பதில் வந்தது, புற்றுநோய் ஆய்வில் இருந்த சுண்டெலிகளிடமிருந்து.

நியூயார்க்கில் லுட்விக் கிராஸ் என்ற மருத்துவர், லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோய் வந்த சுண்டெலியின் திசுச்சாற்றை அந்த நோய் வராத இனத்தின் புதிதாகப் பிறந்த குட்டிகளுக்குச் செலுத்தினால் அவற்றுக்கும் நோய் வருகிறது என்று 1951இல் காட்டினார். காரணம் ஒரு வைரஸ். இந்த லுகேமியா தொடங்குவது தைமஸில். லண்டனின் செஸ்டர் பீட்டி ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்த இளம் ஆய்வாளர் ஜாக் மில்லர் இதைத்தான் கையில் எடுத்தார். வைரஸ் செலுத்திய குட்டிகளுக்கு ஒரு மாத வயதில் தைமஸை எடுத்துவிட்டால் நோய் வரவில்லை. ஆறு மாதம் கழித்து வேறு தைமஸை ஒட்டவைத்தால், நோய் வந்தது. ஆக, வைரஸ் உடலில் எங்கோ பதுங்கியே இருந்திருக்கிறது.

அந்த வைரஸ் பெருகுவதற்கே தைமஸ் தேவையா? இதைப் பார்க்க, வைரஸ் செலுத்துமுன், பிறந்த அன்றே தைமஸை எடுக்க வேண்டியிருந்தது. பிறந்த சுண்டெலிக் குட்டியின் எடை சுமார் ஒரு கிராம். அதன் மார்பைத் திறந்து உள்ளே இருப்பதை எடுப்பதென்றால் எவ்வளவு நுணுக்கமான கைவேலை என்று பார்த்துக்கொள்ளுங்கள். குட்டிகள் பிழைத்தன. ஆனால் பால்குடி மறந்த பிறகு இளைத்து, நோய்வாய்ப்பட்டுச் சாகத் தொடங்கின, வைரஸ் செலுத்தாதவைகூட. ரத்தத்திலும் நிணநீர்த் திசுக்களிலும் லிம்போசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் மிகக் குறைவாக இருந்தன. வேறு இனச் சுண்டெலியின் தோலை ஒட்டினால் உதறித் தள்ள வேண்டிய உடல் அதை ஏற்றுக்கொண்டது. ஒட்டிய தோலில் முடிகூட வளர்ந்தது. நோயெதிர்ப்பு ஆற்றலுக்குத் தைமஸ்தான் அடிப்படை என்று 1961 செப்டம்பரில் லான்செட் மருத்துவ இதழில் மில்லர் எழுதினார். அப்படியும் நம்பாதவர்கள் இருந்தார்கள். தைமஸில் லிம்போசைட்டுகள் நிறைந்திருப்பது பரிணாமத்தில் நேர்ந்த தற்செயல், பெரிய முக்கியத்துவம் இல்லாதது என்று 1963இல் சொன்னவர் சாதாரண ஆள் இல்லை, நோபல் பரிசு பெற்ற பீட்டர் மெடவார்.

அப்புறம் 1968இல், மெல்போர்னில், மில்லரும் கிரஹாம் மிட்செலும் லிம்போசைட்டுகள் இரண்டு வகை என்று சுண்டெலிகளில் பிரித்துக் காட்டினார்கள். தைமஸ் வழி வந்தவற்றுக்கு அதன் ஆங்கில முதலெழுத்தால் டி என்றும் மற்றதற்கு பி என்றும் பெயர் நிலைத்தது. பி என்பது கோழியின் பர்சா என்ற உறுப்பிலிருந்து வந்தது. நமக்குப் பர்சா கிடையாது. பி செல்லை உருவாக்கும் அந்த வேலையை எலும்பு மஜ்ஜை பார்க்கிறது. வைரஸ் புகுந்த செல்லையும் புற்றுச் செல்லையும் அடையாளம் கண்டு கொல்வது டி செல்லின் ஒரு வகை.

இப்போது தமிழுக்கு வருவோம். பள்ளிப் பாடநூல்கள் தைமஸ் சுரப்பி என்றே எழுதுகின்றன. கழுத்துக் கணையம் என்றொரு கலைச்சொல்லும் புழங்குகிறது. கருவில் இந்த உறுப்பு கழுத்துப் பகுதியில் உருவாகி மார்புக்கு இறங்குவதால் கழுத்து என்பதற்காவது ஒரு சாக்கு உண்டு. கணையத்துக்கும் இதற்கும் என்ன உறவு? மேல்நாட்டுச் சமையலில் கன்றின் தைமஸையும் கணையத்தையும் ஒரே பெயரில் சமைப்பார்கள். அந்தக் குழப்பம் அகராதி வழியே நம்மிடம் வந்திருக்கலாம் என்பது என் ஊகம். எப்படியானாலும், செரிமான நீரும் இன்சுலினும் சுரக்கும் உறுப்பை நினைவூட்டும் பெயர் இதற்கு வேண்டாம். சுரப்பி என்பதும் அரைகுறைப் பொருத்தம்தான். சில ஹார்மோன்கள் சுரந்தாலும் இதன் முதன்மை வேலை தேர்வு நடத்துவது. எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும் இளம் செல்களில், சொந்த உடலையே தாக்கக்கூடியவையும் எதற்கும் உதவாதவையும் இங்கேயே மடிகின்றன. நூற்றுக்கு ஐந்து வெளியே வந்தாலே அதிகம்.

ஆகவே என் கட்சி: தைமஸ் என்றே எழுதலாம். டி செல்லும் அப்படியே இருக்கட்டும். ஒரு சிக்கல், தமிழில் எழுதும்போது தைமஸின் முதலெழுத்து த, செல்லின் பெயரில் ட. இரண்டுக்கும் உள்ள உறவு கண்ணுக்குத் தெரியாது. அதனால் கட்டுரையில் முதல்முறை வரும்போது ‘தைமஸில் தேறிய டி செல்’ என்று எழுதிவிட்டால் போதும்.

ஆய்வுக்கூடச் செய்திகளில் ‘நூட் மவுஸ்’ என்று வருவதை நிர்வாண எலி என்று பெயர்க்கிறார்கள். ஃபாக்ஸ்என்1 என்ற மரபணுவில் பழுது இருப்பதால் அதற்கு முடியும் வளராது, முறையான தைமஸும் உருவாகாது. மனிதப் புற்றுக்கட்டியை 1969 முதல் அதன் உடலில் வளர்த்து ஆராய முடிவது, முடி இல்லாததால் இல்லை, தைமஸ் இல்லாததால். தைமஸற்ற சுண்டெலி என்று எழுதினால் விஷயம் நேராகப் புரியும்.