"போன வாரம் வரைக்கும் பச்சையாத்தான் இருந்துச்சு, அண்ணே!"

இங்கே சிட்னியில் நடுக்கோடையான ஜனவரி பிறந்தால் என் நர்சரி வாசலில் ஒரே காட்சிதான். கார் வந்து நிற்கும், டிக்கி திறக்கும், உள்ளே குளியல் துண்டு சுற்றிய காட்டு ஆலிவ் மரம் ஒன்று படுத்திருக்கும். போன்சாய், அதாவது தொட்டியில் வளர்க்கும் குள்ள மரம், ஆக்கவென்று வேலியோரத்தில் தோண்டி எடுத்தது. இந்த ஜனவரியில் வந்தது ஐந்தாவது. பென்டில் ஹில் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கொண்டுவந்தார். தொடை பருமனுக்கு அருமையான அடிமரம். அதை ஆழமே இல்லாத நீலப் பீங்கான் தொட்டியில் வைத்து, கிளைக்குக் கிளை கம்பி சுற்றியிருந்தார். இலைகள் தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கின.

"போன வாரம் வரைக்கும் பச்சையாத்தான் இருந்துச்சு, அண்ணே."

நகத்தால் பட்டையைச் சுரண்டினேன், பழுப்பு. இரண்டு அங்குலம் கீழே சுரண்டினேன், அங்கேயும் பழுப்பு. அடிமரத்தைப் பிடித்து லேசாகத் தூக்கினால், மழை பெய்த மறுநாள் முள்ளங்கியைப் பிடுங்குவதுபோலக் கையோடு வந்துவிட்டது. ஆகஸ்டில் தோண்டியபோது வேரை ரம்பம் அறுத்த இடம் அப்படியே வட்டமாக இருந்தது, ரம்பப் பல்லின் கோடுகள்கூட மறையவில்லை. ஒரு வெள்ளை வேர் இல்லை. ஐந்து மாதமாக வேரே இல்லாமல் நின்றுகொண்டுதான் அது இவருக்குப் பச்சை காட்டியிருக்கிறது.

இதைப் பலமுறை வாயால் சொல்லிவிட்டேன். இனி எழுதியே வைத்துவிடுகிறேன்.

மேற்கு சிட்னியில் இருப்பவர்களுக்கு இந்த மரத்தை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. கேம்டன், ரேஸர்பேக், மவுண்ட் அனான் என்று எங்கே போனாலும் வேலியோரத்தில் கரும்பச்சையாக அடர்ந்து நிற்கும் ஆப்பிரிக்கக் காட்டு ஆலிவ். பரமட்டாவில் எலிசபெத் ஃபார்ம் வீட்டுத் தோட்டத்தில் 1805-இல் நட்டதாகச் சொல்லப்படும் ஆலிவ் வேறு, அது ஐரோப்பிய ஜாதி. இலையைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் வெள்ளி பூசியதுபோல இருந்தால் ஐரோப்பிய ஆலிவ். மஞ்சள் கலந்த பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்து, இலை நுனியில் சின்னக் கொக்கியும் இருந்தால் ஆப்பிரிக்க ஆலிவ். ஒட்டுக் கட்டவும் வேலிக்கும் என்று 19-ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்தார்கள். பறவைகள் பழத்தைத் தின்று காடெல்லாம் விதைத்துவிட்டன. இதன் நிழலில் புல்கூட முளைக்காது. நியூ சவுத் வேல்ஸ் அரசு இதை உள்ளூர்க் காடுகளுக்கு அச்சுறுத்தல் என்றே பட்டியலிட்டிருக்கிறது.

பண்ணைக்காரர் டிராக்டரால் வருடா வருடம் வெட்டித் தள்ள, மாடுகளும் கடித்துவைக்க, தரையோடு தரையாகப் பருத்து முண்டும் முடிச்சுமாகக் கிடக்கும் தூர் போன்சாய்க்காரன் கண்ணுக்குத் தங்கம். ஸ்பெயினில் இந்த வேலையை ஆடுகள் செய்கின்றன. அங்கே காட்டு ஆலிவுக்கு அசெபூச்சே என்று பெயர். மலைச்சரிவில் ஆடு கடித்துக் கடித்தே குள்ளமான மரங்களைத்தான் அங்குள்ள போன்சாய்க்காரர்கள் தேடிப் போகிறார்கள்.

சரி, இப்போது என் ரத்த அழுத்தத்தை ஏற்றும் விஷயத்துக்கு வருகிறேன். "தளிர் வந்துடுச்சு, பொழச்சுக்கிச்சு." ஆலிவ் தோண்டிய எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள்.

உங்கள் வீட்டு வெங்காயக் கூடையைப் பாருங்கள். பத்து நாள் மறந்துவிட்டால் வெங்காயம் முளைக்கிறது. அதற்கு மண் ஏது, தண்ணீர் ஏது? உள்ளே சேர்த்துவைத்த சரக்கைத் தின்று முளைக்கிறது, அவ்வளவுதான். ஊரில் வேலிக்குக் கிளுவைப் போத்து நடுவோம். பத்து போத்து நட்டால் பத்தும் தளிர்க்கும். கோடை முடிந்து போய்ப் பார்த்தால் நாலு காய்ந்து நிற்கும். அந்த நாலும் வேர் விடவே இல்லை, கட்டையில் இருந்த ஈரத்தை வைத்துத் தளிர்த்தவை. முருங்கைக் கொம்பு வெட்டிப் போட்ட இடத்தில் இரண்டு இலை விட்டதும் யாரும் சாம்பாருக்குப் புளி கரைப்பதில்லையே! ஆலிவ் மட்டும் என்ன, வேற்றுக் கிரகத்து மரமா?

ஆலிவ் தூர் ஒரு பெரிய சேமிப்புக் கிடங்கு. தொடை பருமன் தூரில் பல மாதத்துக்கான சரக்கு இருக்கும். ஆகஸ்டில் வேரை அறுத்து வெளியே எடுத்தாலும் அக்டோபரில் கிடங்கைத் திறந்து தளிரை அனுப்பும். ஒன்றிரண்டு கூட இல்லை, பட்டையெங்கும் புள்ளி வைத்தாற்போல நூற்றுக்கணக்கில் அனுப்பும். நீங்கள் மயங்கிப்போய்ப் படம் எடுத்துக் குடும்பத்து வாட்ஸாப்பில் போடுவீர்கள். மரம் அங்கே கையிருப்பைச் செலவழித்துக்கொண்டிருக்கிறது, வரவு ஒரு காசு கிடையாது. தளிர் இலையாக விரிந்து, அந்த இலை காய்ச்சும் சர்க்கரை கீழே இறங்கிய பிறகுதான் வேர் ஒழுங்காகக் கிளம்பும். அதாவது முதல் தளிரில்தான் மரம் இருப்பதிலேயே பலவீனமாக இருக்கும். நம் ஆட்கள் சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் கத்தரியும் கம்பியுமாக இறங்குகிறார்கள்.

அப்புறம் வெயில் வரும். பென்ரித்தில் 2020 ஜனவரி 4 அன்று 48.9 டிகிரி அடித்தது. அப்படி ஒரு நாளில் இத்தனை இலையும் தண்ணீர் கேட்கும், கொடுக்க வேர் இருக்காது. இரண்டே நாளில் கதை முடிந்துவிடும். உங்கள் கண்ணுக்கு அது திடீர் மரணம்.

வேர் வந்ததை எப்படித் தெரிந்துகொள்வது? முதல் தளிர் விரிந்து, முற்றி, நின்றுவிடும். சில வாரம் ஒன்றும் நடக்காது. பிறகு இரண்டாவது முறையாக ஒரு வேகம் பிடித்து, ஒரு கொம்பு சாண் கணக்கில் நீளும். அது வேர் போட்ட காசு. அதற்கு முன் எத்தனை பச்சை இருந்தாலும் நான் கணக்கில் வைப்பதில்லை. தயவுசெய்து யாரும் மரத்தைத் தூக்கிப் பார்க்காதீர்கள். புது வேர் சேமியாவைவிட மெல்லியது, நீங்கள் ஆட்டினால் அறுந்துபோகும். ஒரு அம்மா வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை ஆட்டிப் பார்த்ததாகச் சொன்னார். நான் என்னத்தைச் சொல்ல!

தோண்டுவது உண்மையில் சுலபமான பகுதி. இங்கே குளிர் முடியும் ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பருக்குள் முடித்துவிடுங்கள். கொம்பையெல்லாம் கழித்து முண்டமாக்குங்கள், அடியில் பெரிய வேர்களைத் தட்டையாக அறுங்கள், ஒட்டியிருக்கும் களிமண்ணைக் குழாய்த் தண்ணீரில் கழுவி எடுத்துவிடுங்கள். ஆலிவ் இதையெல்லாம் தாங்கும். கட்டை இரும்பு மாதிரி இருக்கும், ரம்ப பிளேடு இரண்டு கூடுதலாக எடுத்துப்போங்கள். வெயில் ஏறும் மாதம் என்பதால் புல்லுக்குள் பாம்பு இருக்கும், பூட்ஸ் இல்லாமல் இறங்காதீர்கள்.

வேரை அறுக்கும்போது ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். வயதான ஆலிவ் பார்க்க ஒரே மரம். உள்ளே அது கூட்டுக் குடும்பம் மாதிரி, வீடு ஒன்று, அடுப்பு தனித்தனி. இந்தப் பக்கத்து வேர் இந்தப் பக்கத்துக் கொம்புக்கு மட்டுமே சமைத்துப் போடும். அடுத்த அடுப்பிலிருந்து ஒரு கரண்டி வாங்காது. ஒரு பக்கத்துக் கனத்த வேரைச் சுத்தமாக வழித்துவிட்டால், அதற்கு நேர் மேலே பட்டை நீளவாக்கில் பட்டுப்போகும், அந்தக் கொம்பும் போகும். "பூஞ்சைங்களா அண்ணே?" என்று மருந்து கேட்டு வருவார்கள். பூஞ்சையும் இல்லை ஒன்றும் இல்லை, அது உங்கள் ரம்பம் செய்த வேலை. நல்ல கொம்பு எது என்று மேலே முடிவு செய்துகொண்டு, அதற்கு நேர் கீழே எதையாவது மிச்சம் வைத்து அறுங்கள். பட்டுப்போன பட்டைக் கோட்டைச் செதுக்கி வெள்ளைக் கட்டையாகக் காட்டுவதும் ஆலிவ் போன்சாயின் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அது எந்தப் பக்கம் என்று நீங்கள் முடிவு செய்தால் நல்லது. மரம் பிழைத்து, உயிருள்ள பட்டை எது, செத்த பட்டை எது என்று தெளிவாகத் தெரியும்வரை செதுக்கும் உளியை அலமாரியில் வையுங்கள்.

தொட்டி விஷயத்தில் நான் கறாரான ஆள். முதல் வீடு பீங்கான் தொட்டி கிடையாது. காய்கறிக் கடையில் புரோக்கோலி வரும் வெள்ளை ஸ்டைரோஃபோம் பெட்டி போதும், பெரும்பாலும் சும்மாவே கொடுப்பார்கள். அடியில் எட்டுப் பத்து ஓட்டை போடுங்கள். தோட்ட மண் வேண்டாம், பாட்டிங் மிக்ஸும் வேண்டாம், பியூமிஸ் என்ற லேசான எரிமலைக் கல்லைச் சலித்துத் தூசி போக்கி நிரப்புங்கள். பியூமிஸ் கிடைக்காவிட்டால் பெர்லைட் என்ற வெள்ளைப் பொரிகல்லில் பெரிய ரகம். மரம் அசையாமல் கம்பி போட்டுப் பெட்டியோடு கட்டுங்கள். கொம்பின் வெட்டுவாய்களுக்கு வெட்டை மூடும் பசை பூசுங்கள். காற்று அடிக்காத, காலை வெயில் மட்டும் விழும் இடமாகப் பார்த்து வையுங்கள். நண்பகல் வெயிலுக்கு நிழல்வலை வேண்டும். இலை குறைவாக இருக்கும்வரை தண்ணீரும் குறைவாகத்தான் செலவாகும், காலை மாலை கொட்டினால் அழுகும். உரமா? இரண்டாவது வேகம் பிடிக்கும்வரை நினைத்தும் பார்க்காதீர்கள். வயிறு இல்லாதவனுக்கு எதற்குப் பிரியாணி?

முதல் வருடம் வெட்டு இல்லை, கம்பி இல்லை. கண்ட இடத்தில் முளைத்ததெல்லாம் கண்டபடி வளரட்டும், பார்க்கப் புதர் மாதிரித்தான் இருக்கும். இரண்டாவது வசந்தத்தில் எந்தக் கொம்பு வேண்டும் என்று பொறுக்கி எடுத்து, பாதி முற்றிய நிலையில் அலுமினியக் கம்பி சுற்றுங்கள். பென்சில் பருமன் ஆகிவிட்டால் ஆலிவ் வளையாது, 'படக்' என்று ஒடியும். கோடையில் கம்பி வேகமாகப் பட்டையில் பதியும், வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். அந்த நீலத் தொட்டி மூன்றாவது, நாலாவது வருடத்துச் சமாச்சாரம்.

கோபத்தோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "களைதானே, எங்கே வேணாலும் தோண்டலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தேசியப் பூங்காவில் அனுமதியில்லாமல் ஒரு செடியில் கை வைக்கக் கூடாது, களையானாலும். கவுன்சில் நிலத்துக்குக் கவுன்சிலில் கேளுங்கள். தனியார் பண்ணையென்றால் உரிமையாளர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள், பலர் சந்தோஷமாகக் கடப்பாரையையும் சேர்த்துக் கொடுப்பார்கள். இந்த மரத்தை வளர்க்கவும் கொடுக்கவும் விற்கவும் உங்கள் பகுதியில் என்ன விதி என்று களை அதிகாரியிடம் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். நான் இதை விற்பதே இல்லை. பழத்தோடு ஒரு கொம்பைக்கூட வண்டியில் ஏற்றக் கூடாது. வீட்டில் பூ வந்தால் பூவிலேயே கிள்ளிவிடுங்கள். தொட்டியில் சலித்துப்போனது என்று பின்வீட்டுத் தோட்டத்தில் தரையில் நட்டீர்களானால், அந்தப் பறவைகளோடு நீங்களும் கூட்டு.

வென்ட்வொர்த்வில்லில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருக்கிறார். என்னிடம் ஒரே ஒரு வகுப்பு வந்தார். தோண்டினார், புரோக்கோலி பெட்டியில் கட்டினார், அதோடு ஆளையே காணவில்லை. இரண்டரை வருடம் கழித்து அவர் வீட்டுக்குப் போனபோது, துணி காயும் கொடிக்கு அந்தப் பக்கம், மதில் ஓரமாக அது நின்றது. பெட்டி வெடித்து, வெள்ளை வேர்கள் ஓட்டை வழியே வெளியே வந்து தரையைத் தொட்டிருந்தன. கொம்பெல்லாம் என் உயரத்துக்கு. "நான் ஒண்டும் செய்யேல்லைத் தம்பி, மகளுக்குப் பிள்ளைப்பேறு எண்டு மறந்தே போனன்," என்று வெட்கப்பட்டார். அதைவிட ஆரோக்கியமான காட்டு ஆலிவ் என் நர்சரியிலேயே கிடையாது.

இதைப் படிக்கும்போதே உங்கள் வீட்டில் ஒன்று பீங்கான் தொட்டியில் தளிரோடு நின்றால், பதறிப்போய் இன்று மாற்றி நடாதீர்கள். இரண்டாவது முறை வேரைக் கலைத்தால் நிச்சயம் போய்விடும். தொட்டியோடு தூக்கி நிழலுக்குக் கொண்டுபோங்கள். கம்பியைச் சுற்றி அவிழ்க்க முயன்றால் மரம் ஆடும், துண்டு துண்டாக வெட்டி எடுங்கள். தொட்டி அசைந்தால் அடியில் செங்கல் வைத்துக் கயிற்றால் கட்டுங்கள். உரத்தை நிறுத்துங்கள். மேலே வலை போடுங்கள். வாடிய கொம்பை மட்டும் எடுத்துவிட்டு மற்றதைத் தொடாதீர்கள். பிப்ரவரி கழியட்டும். சந்தேகம் வந்தால் பட்டையில் ஒரு மில்லிமீட்டர் சுரண்டி, படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். டிக்கியில் ஏற்றிக்கொண்டு மட்டும் வராதீர்கள். வரும் வழியில் இருக்கும் வேகத்தடைகளே அதற்குப் போதும்.